இருநூறு காம்பு

வெள்ளிக்கிழமை விடியலில்
கேமரன் மலை லாரி வந்து நின்றது.
இருநூறு கார்னேஷன்,
வெள்ளையும் கத்தரிப்பூ நிறமும்,
ஈரச் செய்தித்தாளுக்குள்
பள்ளி பஸ்ஸில் தூங்கும் பிள்ளைகள்போல்
தலையோடு தலை சாய்த்து.

அன்றிரவே மண்டபத்திலிருந்து போன்:
ஞாயிற்றுக்கிழமை விருந்து இல்லை.
காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
ஜாலான் ஈப்போவில் பதினாறு வருஷமாகப் பூ விற்கிறேன்.
காரணம் கேட்டால் பாக்கி வராது.

எறிய மனமில்லை.
பூவின்மேல் இரக்கம் என்று நினைக்கவேண்டாம்.
என் கையில் வாடியது என்ற பேர்
எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

வாளியில் காம்பை முக்கி
தண்ணீருக்குள்ளேயே வெட்டினேன்.
காற்று ஏறினால் காம்பின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.
கார்னேஷனைக் கணுவில் வெட்டக்கூடாது,
இரண்டு கணுவுக்கு நடுவே, சாய்த்து.
கத்தரிக்கோல் நசுக்கும். கத்திதான்.
வாதிக்கு இதை நூறு தடவை சொல்லியாயிற்று.
"இயா, காக்" என்பாள்,
கத்தரிக்கோலை எடுப்பாள்.

நீரில் முங்கும் இலையெல்லாம் உருவியெறிந்து,
லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சீனி,
எலுமிச்சை அரை மூடி,
சாக்கடைக்கு ஊற்றுகிற குளோராக்ஸில் சில சொட்டு.
தின்னக் கொஞ்சம், கிருமிக்குக் கொஞ்சம்.
பழைய குளிர்பானப் பெட்டியிலிருந்த
ஆரஞ்சு டின்களை வெளியே துரத்திவிட்டு
உள்ளே அடுக்கினேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்
புதுத் தண்ணீர், நுனியில் அரை அங்குலம்.
காம்பு குட்டையாகிக்கொண்டே வந்தது.
தலை அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம்,
மழைக்கு முந்தின அந்தப் புழுக்கத்தில்
கிராப் காரிலிருந்து இறங்கி ரசீதை நீட்டினாள்.
துர்காஷினி.
உள்ளங்கையில் மருதாணி போய்விட்டது,
நகத்தில் மட்டும் பிறைபோல் மிச்சம்.

"முன்பணத்துல ஏதாச்சும் திருப்புவீங்களாக்கா?"

பதில் சொல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
உண்மையைச் சொன்னால்,
பெருமையாகத்தான் காட்டினேன்.

"இன்னுமா?"

அந்தச் சொல்லுக்கு நான் தயாராக இல்லை.

"இன்னுமா உசுரோட இருக்கு?
வீட்டுல எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்க.
மண்டபக்காரன் மேசைத்துணி துவைச்சி
வேற கல்யாணத்துக்கு விரிச்சிட்டான்.
இதுங்க மட்டும் ஏன்க்கா
எனக்குன்னு காத்துக்கிட்டு நிக்குது?"

வாதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.
பெட்டியின் மோட்டார் ஒருமுறை இருமியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு
விலை கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள்:
"சீக்கிரம் வாட வைக்க என்ன செய்யணும்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஆகாதது எதெது என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு
அது தெரியாதா என்ன?

"பீசாங் மாஸ் ஒரு சீப்பு வாங்குங்க, நல்லாக் கனிஞ்சதா.
பூவுக்குப் பக்கத்துல வெச்சு மூடிடுங்க.
பழம் விடுற மூச்சு கார்னேஷனுக்குச் சேராது.
ரெண்டு மூணு நாள்ல இதழ் உள்ள மடங்கிக்கும்.
எங்க தொழில்ல, தூங்கிடுச்சுன்னு சொல்லுவோம்."

"தூங்கிடுச்சு."
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இருபது காம்பு போதும் என்றாள்.
எதிர்க்கடையில் அவளே போய்ச் சீப்பு வாங்கினாள்,
பேரம் பேசாமல், எண்ணாமல்.
முன்பணத்தைப் பற்றி
நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.
பொய். நான் மறக்கவில்லை.

மீதியை செந்தூலில் ஒரு பல் கிளினிக்குக்குப்
பாதி விலைக்குத் தள்ளினேன்.

புதன்கிழமை இரவு கடை மூடும்போது
போன் அதிர்ந்தது.
வணக்கம் இல்லை, படம் இல்லை.

"அக்கா பழத்தத் தின்னுட்டேன்.
சீனி எத்தன கரண்டி?"

ஷட்டரைப் பாதியில் நிறுத்தி
முட்டியில் தாங்கிக்கொண்டு எழுதினேன்:

"லிட்டருக்கு ஒண்ணு.
மொதல்ல நுனிய வெட்டு.
கத்தரிக்கோல் வேணாம்."